குழவிக்குப் பத்தொன்பது விநாடி

உண்ணாமலைக்கு எதையும் இருபது வரைக்கும் எண்ணுகிற வியாதி. பெரிய கோயிலில் மணி அடித்தால் எண்ணுவாள். மழையில் பஸ்ஸின் வைப்பர் ஆடினால் எண்ணுவாள். இருபது ஆனதும் நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். "அக்காவுக்கு இருபத்தொண்ணு வராதுடி" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்யும். அவளும் கூடவே சிரிப்பாள். கணக்கு வராதவள் இல்லை அவள். வேலை அப்படி.

வேலை என்றால், திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். அதே பள்ளியில் வாட்ச்மேனாக இருந்த அப்பா பணியில் இருக்கும்போதே செத்துப்போனதால், பத்தாவது முடித்த மகளுக்குக் கிடைத்த இடம். மனுஷன் விட்டுவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டாள்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு செய்முறை உண்டு. ஸ்டாண்டில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, கீழே எடையைத் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விட வேண்டும். அது மேலும் கீழும் ஆடும். இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து எழுத வேண்டும். பிள்ளைகள் பேசிச் சிரித்து நடுவிலே கணக்கை விட்டுவிடும். பதினேழா பதினெட்டா என்று உண்ணாமலையின் முகத்தைப் பார்க்கும். அவள் அலமாரியைத் துடைத்தபடியே திரும்பாமல் "பதினெட்டு" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பாடம் அவளுக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்து ஊறியது தெரியும். ஜாஸ்தியாக இழுத்து விட்டாலும் கம்மியாக இழுத்து விட்டாலும் இருபதுக்கு ஆகிற நேரம் மாறாது. இழுக்கிற கை பலசாலியா நோஞ்சானா என்பதை அந்த ஸ்பிரிங் சட்டையே செய்யாது. அது பார்ப்பது இரண்டே சங்கதி: தான் எவ்வளவு விறைப்பு, தன்னிடம் தொங்குவது எவ்வளவு கனம். கனம் ஏறினால் ஆட்டம் நிதானமாகும். கனம் குறைந்தால் ஆட்டம் படபடக்கும்.

அந்த வேகத்துக்குக் கோண அதிர்வெண் என்று பேர். ஒமேகா என்று எழுதுவார்கள். மேலும் கீழும் போகிறதில் கோணம் எங்கே வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டது. இயற்பியல் ஆசிரியை உம்மே ஹானி ஜன்னல் வழியே மலையைக் காட்டினார்.

"ஒருத்தர் கையில விளக்கோட, ஒரே வேகத்துல கிரிவலம் சுத்தறாருன்னு வச்சுக்குங்க. நடுவுல மலையே இல்லன்னும் வச்சுக்குங்க. நீங்க ரொம்ப தூரத்துல, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வயல்ல நின்னு பாக்கறீங்க. அவர் சுத்தறது தெரியாது. விளக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிப் போயி வர்றது மட்டும்தான் தெரியும். ஸ்பிரிங் ஆடறதும் அப்படித்தான். போய்ப் போய் வர்றதுக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு வட்டமா சுத்திக்கிட்டே இருக்குது. அது சுத்தற வேகம்தான் ஒமேகா."

பிள்ளைகள் எழுதிக்கொண்டன. உண்ணாமலை அலமாரியைத் துடைப்பதை நிறுத்தினாள். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் சுற்றிக்கொண்டே இருப்பது எது என்று அவளுக்குத் தெரியும். அதன் பேர் ஆர்த்தி. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்துநாலே நாள் இருந்துவிட்டுப் போன அவள் மகள்.

பெரிய கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் அவர்கள் வீடு. வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். நம் பக்கத்தில் பேர் வைக்கிற அன்று புதுத் தொட்டிலில் நேராகக் குழந்தையைப் போட்டுவிட மாட்டார்கள். அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முதலில் அதைப் போட்டு ஆட்டுவார்கள். கொக்கி தாங்குமா கயிறு தாங்குமா என்பதை அது பார்த்துச் சொல்லிவிடும். வருகிற கண்ணேறையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் குழவியை எடுத்துவிட்டுக் குழந்தையைப் போடுவது. ஆர்த்திக்கும் அப்படித்தான் செய்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பிரிங், உண்ணாமலையின் பழைய சுங்குடிச் சேலை. குழவி ஆடியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் எண்ணினாள். இருபதுக்கு இருபத்திரண்டு விநாடி.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் வந்து பார்த்துவிட்டு, "கக்குற புள்ள தக்கும், நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் சொல்கிற சொல்தான், பிழைத்துக்கொள்ளும் என்று ஆறுதலுக்குச் சொன்னாள். அந்த நாட்களில்தான் ஸ்பிரிங்கின் கிரீச் சத்தம் நெருங்கி நெருங்கிக் கேட்பதுபோல் உண்ணாமலைக்குக் காதில் பட்டது. புருஷன் சடையனிடம் சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இரும்பு அவருக்குத் தெரிந்த சமாச்சாரம். ஐப்பசி மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. "ஈரத்துக்குத் துரு புடிச்சி விறைச்சிக்கிச்சி" என்று ஆட்டோவில் இருந்த ஆயில் டப்பாவை எடுத்துவந்து ஸ்பிரிங் நனைய நனையப் போட்டார். சத்தம் நின்றது. சத்தம் நின்றதோடு அவள் எண்ணுவதும் நின்றது.

ஆயில் போட்ட பதினோராம் நாள் குழந்தைக்குக் கண் குழிந்து, உச்சி பள்ளமாகிவிட்டது. மறுநாள் நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போக வேண்டிய குழந்தை. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் அடங்கிவிட்டது.

கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். உண்ணாமலை சடையன் சொன்ன துருவைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிங்தான் விறைத்தது, பிள்ளை இளைக்கவில்லை, வந்தது ஏதோ திடீர்ச் சீக்கு. இந்த நம்பிக்கை இல்லாமல் அவளால் ஒரு வாய் சோறு இறக்கியிருக்க முடியாது. துரு பிடித்தால் ஸ்பிரிங் வேகமாக ஆடுமா என்று கேட்க ஆய்வகத்தில் ஆளா இல்லை? நாலு இயற்பியல் ஆசிரியர்கள் வந்து மாறிப் போனார்கள். அவள் ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அதற்கப்புறம் தெருவில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் மட்டும் கூப்பிட மாட்டார்கள். இன்னார் இப்படிச் சொன்னார் என்று சுட்டிக்காட்ட முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடிக்கொண்ட ஊர் வாயைத் திறக்கவும் ஒன்றும் கிடையாது. அவளே ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

இந்த வருஷம் எல்லம்மாளின் ஒரே மகள் கீதாஞ்சலி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். உண்ணாமலையின் பள்ளியிலேயே படித்தவள். ஆய்வகத்தில் எடைக்கல்லைக் கால் விரலில் போட்டுக்கொண்டு அழுதபோது உண்ணாமலைதான் மருந்து வைத்துக் கட்டினாள். அப்போதிலிருந்து 'அக்கா'தான். கல்யாணமாகி நாலு வருஷம் வயிறு திறக்கவில்லை. எல்லம்மாள் அண்ணாமலையாருக்குக் கரும்புத் தொட்டில் வேண்டிக்கொண்டாள். தீபத் திருவிழாவில் இந்த ஊரில் பார்க்கலாம்: கரும்பில் சேலையைத் தூளியாகக் கட்டி, குழந்தையை அதில் படுக்கவைத்து, தாயும் தகப்பனும் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து மாடவீதி சுற்றி வருவார்கள். வேண்டுதல் பலித்தது. ஐப்பசி மழையோடு ஆண் குழந்தை பிறந்தது. அறிவுமதி என்று பேர்.

பதினாறாம் நாள் பேர் வைத்தார்கள். உண்ணாமலைக்குப் பின்பக்கச் சுவருக்கு மேலாகத் தட்டில் பொங்கலும் வடையும் வந்தது. அவள் தன் வீட்டில், நடுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கே முதலில் குழவி ஆடியது. கிரீச் என்ற அந்தச் சத்தத்தைப் பதினேழு வருஷம் கழித்துக் கேட்டதும் அவளுக்கு மார்பு கனத்தது. பால் கட்டிக்கொண்டதுபோல் வலித்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. செல்போனை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். குழவிக்கு, இருபதுக்குப் பத்தொன்பது விநாடி. அப்புறம் பெண்கள் சிரிக்கிற சத்தம், குழவியை எடுத்துவிட்டார்கள். குழந்தை ஆடியது. பதினாறு.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டையும் தேதி போட்டு எழுதினாள். அதோடு விட்டிருந்தால் அவள் உண்ணாமலை இல்லை. தினமும் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் சுவர் ஓரம் உட்கார்ந்தாள். ஆய்வக விதிப்படி மூன்று தடவை எண்ணிச் சராசரி எழுதினாள். கீதா மெதுவாகத்தான் இழுத்து விடுவாள். எல்லம்மாள் இழுத்தால் கொக்கியே முனகும். யார் இழுத்தாலும் எண் மாறாது; பிள்ளை வளர வளரத்தான் மாறும். பதினாறேகால். பதினாறரை. இருபத்தெட்டாம் நாள் பதினாறே முக்கால். அந்தச் சுவருக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறுவதை அவள் காதாலேயே பார்த்தாள். சொல்ல வெட்கம்தான், அந்த ஒன்றிரண்டு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

முப்பதாம் நாளுக்கு மேல் எண் ஏறவில்லை. முப்பத்திரண்டாம் நாள் பதினாறரைக்குக் கீழே வந்தது. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. கீதாவின் குரல் கேட்டது: "அம்மா, மறுபடி கக்கிட்டான், துணி எடு."

எல்லம்மாள் சொன்னாள்: "கக்குற புள்ள தக்கும்டி. நீ பயப்படாத."

அதே வாய், அதே சொல்.

மறுநாள் காலை குழாயடியில் எல்லம்மாளிடம் தானாகப் போய்ப் பேசினாள். "அக்கா, புள்ள நல்லா பால் குடிக்குதா?" அவ்வளவுதான் கேட்டாள். எல்லம்மாளின் முகம் சுருங்கியது. "குடிக்குது, குடிக்குது" என்று குடம் நிறைவதற்குள்ளேயே தூக்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்ட நெடி சுவர் தாண்டி வந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்கிற ஊர். யாருடைய கண்ணுக்காகச் சுற்றிப்போட்டார்கள் என்பதை உண்ணாமலைக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஒரு குழந்தை கனமாக இருக்கிறது என்றே சொல்லக்கூடாது. இளைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாயால்.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நாலைந்து நாள் போனது. எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தைந்தாம் நாள் பதினாறு. முப்பத்தெட்டாம் நாள் பதினைந்தரை. பேர் வைத்த அன்று இருந்ததைவிடக் கம்மி. சொன்னால், உன் கண்தான் என்பார்கள். சொல்லாவிட்டால், நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். தூக்கத்தில்கூட ஸ்பிரிங் ஆடியது. அது எந்தச் சுவருக்குப் பின்னால் ஆடுகிற ஸ்பிரிங் என்று விழித்தபின்னும் புரியாமல் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தைப் பூட்டும்போது உம்மே ஹானியிடம் கேட்டேவிட்டாள். "மிஸ், துரு புடிச்சா ஸ்பிரிங் வேகமா ஆடுமா?"

உம்மே ஹானி கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு யோசித்தார். "துரு புடிச்சா கம்பி தேஞ்சு மெல்லிசாகும். அப்ப மெதுவாத்தான் ஆடணும். ஆனா சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சின்னா விறைச்சு வேகமாவும் ஆடலாம். எதுக்கு ஊகிக்கணும்? முன்னாடி ஆட்டிப் பாத்த எடை ஏதாவது இருக்குதா? அதையே மறுபடி மாட்டி எண்ணிப் பாருங்க. அதே நேரம் வந்தா ஸ்பிரிங் மாறல. தொங்கறதுதான் மாறியிருக்குது."

முன்னாடி ஆட்டிப் பார்த்த எடை. உண்ணாமலை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். குழவிதான் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை எல்லம்மாள் ரேஷன் கடைக்குப் போகட்டும் என்று காத்திருந்து, பின்பக்கச் சுவரருகே போய்க் கீதாவைக் கூப்பிட்டாள். கீதா கலைந்த தலையோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"கீதா, ஸ்பிரிங் பிராக்டிகல் ஞாபகம் இருக்குதா?"

"மறக்குமாக்கா? இன்னும் விரல் வலிக்குது" என்று லேசாகச் சிரித்தாள்.

உண்ணாமலை காலண்டர் தாளைச் சுவருக்கு மேலே நீட்டினாள். "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே படிச்சிப் பாரு."

கீதா படித்தாள். தேதி, எண், தேதி, எண். விரல் கீழே இறங்க இறங்க அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இது எங்க தொட்டிலா?" என்றாள். உண்ணாமலை தலையசைத்தாள்.

"மழைக்கு ஸ்பிரிங் விறைச்சிருக்கும்கா. அம்மா ஆயில் போடணும்னு சொல்லிக்கினு இருக்காங்க."

"இருக்கலாம். முதல் வரியில குழவி இருக்குது பாரு. அதைப் போட்டு எண்ணு. பத்தொம்பதுக்குக் கம்மியா வந்தா ஸ்பிரிங்தான் விறைச்சிருக்குது. ஆயில் போடு. நான் என் வேலையைப் பாத்துக்கினு போறேன்."

கீதா தாளை மடித்தாள். "குழவியை எடுத்துட்டுப் புள்ளையப் போடுவாங்க. புள்ளைய எடுத்துட்டு யாராவது குழவியப் போடுவாங்களாக்கா?"

"போட மாட்டாங்க" என்றாள் உண்ணாமலை. "நானும் போடல. ஆயில்தான் போட்டேன்."

கீதா அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

உண்ணாமலை ஓடிவந்து நடுச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்தாள். குழந்தையைத் தூக்குகிற சத்தம், அதன் ஈனமான அழுகை, அம்மியோரம் கல் உரசுகிற சத்தம். தொட்டில் பாரத்தில் இறங்கிக் கொக்கி ஒருதரம் அதிர்ந்தது. குழவி ஆட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. கடவுளே, வேகமாக ஆடு, ஸ்பிரிங்மேல் தப்பு என்று சொல்லு என்று அவள் வேண்டிக்கொண்டாள். பதினெட்டுக்குள் முடிந்துவிட்டால் இந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, ஆர்த்திக்கும் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எண்ணும்போதே தெரிந்துவிட்டது. குழவி பேர் வைத்த அன்று ஆடியதைப் போலவே நிதானமாகப் போய்ப் போய் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கீதாவின் குரல் வந்தது. "அக்கா, பத்தொம்பது."

கீதாவுக்கு அதற்குமேல் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சடையன் அன்று சவாரிக்குக் கிளம்பாமல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீதா குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்து ஏறினாள். "வீட்டைப் பாத்துக்குங்கக்கா" என்றாள். எங்கே என்று சடையன் கேட்கவில்லை. அவருக்கு அந்த வழி தெரியும்.

உண்ணாமலை அந்த வீட்டு வாசற்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. கால் மணி நேரத்தில் எல்லம்மாள் அரிசிப் பையோடு வந்தாள். வாசலில் நிற்கிறவளைப் பார்த்ததும் அவளைத் தாண்டி உள்ளே போனாள். தொட்டில் கனத்துத் தொங்கியது. பேரன் தூங்குகிறான் என்று நினைத்துச் சேலையை விலக்கினாள். மஞ்சள் கறை காயாத கருங்கல் படுத்திருந்தது.

எல்லம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கடி என் புள்ள?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கக்கா."

"புள்ளைய எடுத்துட்டுக் கல்லப் போட்டுட்டீங்களே. நாலு வருசம் தவம் கெடந்தது. உன் கண்ணு பட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அந்த நிமிஷத்தில் உண்ணாமலைக்கே சந்தேகமாக இருந்தது. தினமும் எண்ணியதால்தான் இளைத்ததோ? எண்ணாமல் இருந்திருந்தால் தக்கியிருக்குமோ?

நாலு நாள் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சடையன் சொன்னார். சாயங்காலம் சுவரோரம் உட்கார்ந்தால் சத்தமில்லை. சத்தம் இல்லாததை எண்ண முடியாது. ஆனாலும் அவள் காதுக்குள் ஒரு ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருந்தது. வேகமாக, வேகமாக. ஊரே தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கரும்புக்கட்டு வண்டி தெருவில் போகும்போதெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாற்றுத்துணி எடுக்க எல்லம்மாள் மட்டும் ஊருக்கு வந்தாள். தன் வீட்டைத் திறக்குமுன் உண்ணாமலையின் படியில் வந்து உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

"புள்ளைக்கு வயித்துலேர்ந்து கொடலுக்குப் போற வாய் தடிச்சுப்போச்சாம். பாலு கீழ எறங்க வழியில்லாமதான் அத்தனையும் மேல வந்துச்சாம். ரெண்டு நாள் தண்ணி ஏத்திட்டு ஆபரேசன் பண்ணாங்க. சின்ன ஆபரேசன்தானாம். அரை மணிதான் ஆச்சி. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வத்திப்போயிருக்கும்னாரு டாக்டரு." எல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து பாலு குடிச்சான். கக்கல."

உண்ணாமலை அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"உன் பொண்ணுக்கும் இப்பிடித்தான இருந்துச்சி?" எல்லம்மாள் அவளைப் பார்க்காமல் கேட்டாள். "நான்தான் தக்கும்னு சொன்னேன். இங்கதான் உக்காந்து சொன்னேன்."

"எல்லாரும் சொல்றதுதாங்கக்கா."

"கீதா ஸ்பிரிங்குன்றா, கணக்குன்றா. எனக்கு அதெல்லாம் தெரியாது. உன் பொண்ணுதான் வந்து உன் காதுல சொல்லியிருக்குது."

அப்படியெல்லாம் இல்லை, விறைப்பும் கனமும்தான் என்று உண்ணாமலைக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அவள் மனசு வேறு ஒன்றில் நின்றுவிட்டது. சின்ன ஆபரேஷன். அரை மணி.

எல்லம்மாள் போனபின் சடையனிடம் பரணில் இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்துத் தரச் சொன்னாள்.

"வேணாம் உண்ணாமல" என்றார் அவர். "இனிமே தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

"தெரியணுங்க."

ஆயில் ஊறிய துணியில் சுற்றி வைத்திருந்தார். பதினேழு வருஷம் கழித்தும் கறுகறுவென்று, ஒரு பொட்டுத் துரு இல்லாமல் இருந்தது. அன்று போட்ட ஆயிலே அதை அப்படியே காத்துவைத்திருந்தது. சடையன் பழைய கொக்கியில் மாட்டினார். அந்தச் சுங்குடிச் சேலையும் பெட்டியில்தான் இருந்தது, தூளி கட்டினாள். தினமும் சட்னிக்கு மிளகாய் அரைக்கிற அதே குழவியைக் கழுவி, பழக்கத்தில் கை போய்க் குங்குமம் வைக்க, அதைப் பார்த்துச் சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழவியை உள்ளே போட்டு இழுத்து விட்டாள். சத்தமே இல்லாமல் ஆடியது. கண்ணால் பார்த்து எண்ணினாள். மூன்று தடவை எண்ணினாள்.

இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு.

"துரு இல்லியா?" என்று சடையன் கேட்டார். ஆட்டோக்காரர், இரும்பு தெரிந்தவர், சின்னப் பிள்ளைபோல் கேட்டார்.

"துரு இல்லீங்க. புள்ளதான் இளைச்சிருக்குது." அவளுக்கு அழுகை வந்தது, இத்தனை வருஷம் அழுதது வேறு, இது வேறு. இளைக்கிறதைக் குழந்தை தன்னால் முடிந்தவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்லியிருக்கிறது. அந்த வாயைத்தான் ஆயில் ஊற்றி அடைத்தார்கள். சடையன் ஆடுகிற தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். அவளும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தீபம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அறிவுமதி வீடு திரும்பினான். கரும்பு அடுத்த வருஷமும் விளையும், இப்போ என்ன அவசரம் என்று எல்லம்மாள் சாமியிடமே தவணை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் மறுபடி ஏறியது. உண்ணாமலை இனி எண்ணக்கூடாது என்று நினைத்து அடுப்படியில் வேலையாக இருந்தாள். ஆனால் மழை ஈரத்தில் கிடந்த அந்த ஸ்பிரிங் முன்னைவிடப் பெரிதாகக் கிரீச்சிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த மருமகன் பிரகாஷின் குரல் கேட்டது.

"இன்னா அத்தை இது, காது கிழியுது. வண்டியில ஆயில் இருக்குது, எடுத்தாந்து போட்டுடறேன்."

"வேணாங்க மாப்ள" என்றாள் எல்லம்மாள். சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள். "ஆயில் போடாதீங்க. சத்தம் வரட்டும். அந்தாண்ட ஒருத்தி எண்ணிக்கினு இருக்கா."

உண்ணாமலை அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.